பிமினி கடலைத் துடுப்புப் பலகையில் கடப்பது எப்படி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பஹாமாஸின் பிமினித் தீவிலிருந்து அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்திலுள்ள லேக் வொர்த் கடற்கரை வரை சுமார் 80 மைல், அதாவது ஏறத்தாழ 128 கிலோமீட்டர். 'தி கிராசிங் ஃபார் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்' என்ற பெயரில் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் துடுப்புப் பலகைக்காரர்கள், அதாவது நீண்ட பலகையில் நின்றபடி துடுப்புப் போடுபவர்கள், இந்தத் தூரத்தைக் கடக்கிறார்கள். நள்ளிரவில் புறப்பட்டு மறுநாள் பிற்பகலிலோ மாலையிலோ கரை சேர்வார்கள். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயால் அவதிப்படும் குடும்பங்களுக்கு நிதி திரட்டுவதே நோக்கம். நடத்துவது பைப்பர்ஸ் ஏஞ்சல்ஸ் ஃபவுண்டேஷன். இதைப் பற்றி வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

நுரையீரல் நோய்க்கு நிதி திரட்ட ஏன் கடல்? மாரத்தான் ஓடினால் ஆகாதா?
*வாசகர், மதுரை*

மாரத்தானும் ஓடலாம். ஆனால் இந்த நோய்க்கும் கடலுக்கும் உண்மையான உறவு உண்டு.

உடலின் செல்களில் உப்பை உள்ளே வெளியே விடும் ஒரு வாயில் இருக்கிறது. அதை உருவாக்கும் சி.எஃப்.டி.ஆர் மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதாக வந்தால் இந்த நோய் வரும். உப்பு வெளியேறாவிட்டால் நீரும் வெளியேறாது. நுரையீரலின் சளி பசைபோல் இறுகிவிடும், அதில் கிருமிகள் குடியேறும். ஆஸ்திரேலியாவில் அலைச்சறுக்கு விளையாடும் நோயாளிகளுக்கு நுரையீரல் நன்றாக இருப்பதை மருத்துவர்கள் கவனித்தார்கள். அதன் வழியே நடந்த ஆய்வுகள் 2006-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளிவந்தன. 7 சதவீத உப்புநீரைக் கருவியால் நுண்துளிகளாக்கி உள்ளிழுத்தால் சளி இளகுகிறது என்பது முடிவு. கடல்நீரில் உப்பு ஏறத்தாழ 3.5 சதவீதம், மருந்தில் அதைப்போல் இரண்டு மடங்கு. வீட்டில் உப்பைக் கரைத்து இதைச் செய்யக் கூடாது. கிருமி நீக்கிய மருந்தாக, முதல் முறை மருத்துவர் கண் முன்னால்தான் எடுக்க வேண்டும். சிலருக்கு மூச்சுக்குழல் சுருங்கிவிடும்.

2013-இல் இந்தக் கடப்பைத் தொடங்கியவர் இந்த நோயுள்ள ஒரு பெண் குழந்தையின் தந்தை. பணத்தின் தேவையும் சிறியதல்ல. 2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டிரைகாஃப்டா என்ற மாத்திரை பல நோயாளிகளின் வாழ்வையே மாற்றியது. அங்கே அதன் பட்டியல் விலை ஆண்டுக்கு 3 லட்சம் டாலருக்கு மேல்.

நம்மூர்த் தாய்மார்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். முத்தமிட்டால் நெற்றி வழக்கத்துக்கு மாறாக உப்புக் கரிக்கிறது, எடை கூடவில்லை, இருமல் விடவே இல்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் வியர்வைக் குளோரைடு சோதனை பற்றிக் கேளுங்கள். இந்தக் குழந்தைகள் வியர்வையில் நிறைய உப்பை இழக்கிறார்கள், கோடையில் அது ஆபத்தாக முடியும்.

வரைபடத்தில் பிமினிக்கும் லேக் வொர்த்துக்கும் கோடு போட்டு, அதே திசையில் துடுப்புப் போட்டால் போதாதா? ஏன் எல்லாரும் மேற்கே திரும்பிப் போகிறார்கள்?
*வாசகர், தாம்பரம்*

போதாது. இந்தப் போட்டியின் உயிரே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. முதலில் கணக்கு, அப்புறம்தான் கை.

லேக் வொர்த் பிமினிக்கு வடக்கே சுமார் 100 கிலோமீட்டரும் மேற்கே சுமார் 75 கிலோமீட்டரும் தள்ளி இருக்கிறது. இடையில் வடக்கு நோக்கி ஓடுவது கல்ஃப் ஸ்ட்ரீம் நீரோட்டம். அதன் வேகம் எங்கும் ஒன்றல்ல. பிமினிப் பக்கம் மெதுவாகவும், ஃப்ளோரிடாவை நெருங்க நெருங்க வேகமாகவும் ஓடும். ஓட்டம் உச்சமாக இருக்கும் இடத்தில் மணிக்கு 6 கிலோமீட்டரைத் தாண்டுவதும் உண்டு. ஆக, வடக்கே போகும் வேலையில் பெரும் பங்கைக் கடல் இலவசமாகச் செய்துகொடுக்கும். மேற்கே போகும் வேலையை அது செய்யாது. அந்த 75 கிலோமீட்டரை உங்கள் கைதான் சம்பாதிக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் வேகம் மணிக்கு 6 கிலோமீட்டர் என்றும், நீரோட்டத்தின் சராசரி 4 கிலோமீட்டர் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். பலகையின் மூக்கை நேர் மேற்கிலிருந்து சுமார் 30 பாகை மட்டும் வடக்கே திருப்பி வைத்தால் பதினாலரை மணி நேரத்தில் கரை. அதற்குப் பதிலாக வரைபடக் கோட்டின் திசையிலேயே மூக்கை வைத்து 9 மணி நேரம் போனால் வடக்கே 79 கிலோமீட்டர் வந்திருப்பீர்கள், மேற்கே 32 மட்டும். மீதி 43 கிலோமீட்டர் மேற்கே போவதற்குள் நீரோட்டம் உங்களைக் கரைக்கு வடக்கே தள்ளிவிடும். ஆகவே மேற்குக்கும் சற்றுத் தெற்கே மூக்கைத் திருப்பி, ஓட்டத்தை எதிர்த்துப் போயாக வேண்டும். அந்நேரத்தில் களைப்பில் உங்கள் வேகம் 5-ஆகக் குறைந்திருந்தால் இன்னும் 9 மணி நேரம். பதினாலரை மணி நேர வேலை பதினெட்டு மணி நேரமாகிவிட்டது. நீரோட்டத்தின் வேகம் மிகுந்த பகுதி மேற்கே இருப்பதால் உண்மையில் இதைவிடவும் மோசமாகலாம். கரை கண்ணுக்குத் தெரிந்தும் சேர முடியாமல், கூடவே வரும் துணைப்படகில் ஏற நேர்வது இப்படித்தான்.

எனவே ஓட்டம் மெதுவாக இருக்கும் முதல் ஐந்தாறு மணி நேரத்திலேயே மேற்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு எண்களையும் பார்க்க வேண்டும்: திசைகாட்டியில் மூக்கு பார்க்கும் திசை, ஜி.பி.எஸ் கருவியில் நீங்கள் உண்மையில் நகரும் திசை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த நேரத்தில் நீரோட்டம் உங்களை எவ்வளவு தள்ளுகிறது என்பதைக் காட்டும். இதைப் பார்ப்பது துணைப்படகில் இருப்பவர் வேலை. பலகையில் நிற்பவர் படகைப் பார்த்துப் போனால் போதும்.

காற்றும் ஒரு பங்காளி. கிழக்குக் காற்றான கொண்டலோ தென்கிழக்குக் காற்றோ முதுகிலும் பக்கத்திலும் தள்ளினால் நல்லது. வாடை அடித்தால் வடக்கே ஓடும் நீரும் தெற்கே வரும் காற்றும் மோதும். அலை குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன் முதுகில் ஒன்றாக எழும். மிதமான வாடைக்கே அந்தக் கடலில் பலகை நிற்காது. அத்தகைய நாளில் புறப்பாட்டைத் தள்ளிப்போட்டால் கோபப்படாதீர்கள்.

என்ன பலகை வாங்க வேண்டும்? என்னிடம் காற்றடிக்கும் பலகை இருக்கிறது.
*வாசகர், பாண்டிச்சேரி*

காற்றடிக்கும் பலகை பயிற்சிக்குப் பரவாயில்லை. இந்தத் தூரத்துக்கு 14 அடி நீளமுள்ள கெட்டிப் பலகை வேண்டும். அகலம் 25 முதல் 28 அங்குலம். 22, 23 அங்குலப் பலகைகள் அமைதியான நீரில் பறக்கும். ஆனால் நிலவில்லாத இரவில், பக்கவாட்டு அலையில், சமநிலைக்காகவே கெண்டைக்கால் முழுச் சக்தியையும் செலவழித்துவிடும். முதல் முறை போகிறவர்கள் அகலத்தில் கஞ்சத்தனம் செய்யாதீர்கள்.

துடுப்பு கார்பனில் இருக்கட்டும். உங்கள் உயரத்தைவிட 8 அங்குலம் கூடுதலான நீளத்தில் தொடங்கலாம். துடுப்பின் இலை, அதாவது நீரில் இறங்கும் தட்டைப் பகுதி, சிறியதாக 85 முதல் 90 சதுர அங்குலத்துக்குள் இருக்கட்டும். பெரிய இலை முதல் இரண்டு மணி நேரம் சுகமாக இருக்கும், பத்தாவது மணியில் தோளைப் பிடுங்கும்.

பலகையின் அடியில் நீட்டிக்கொண்டு, அது நேராகப் போக உதவும் ஃபின் இங்கே தனிக் கவனம் கேட்கிறது. ஜூன் மாதத்தில் சர்காசம் என்ற மிதவைப் பாசி பாய் விரித்தாற்போல் கிடக்கும். நிமிர்ந்த ஃபின்னில் அது கொத்தாக மாட்டிக்கொள்ளும், பலகை சேற்றில் இழுப்பதுபோல் கனக்கும். காரணம் தெரியாமல் 'களைத்துவிட்டேன்' என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. பின்பக்கம் நன்றாகச் சாய்ந்த பாசி ஃபின் போடுங்கள். திடீரென்று வேகம் குறைந்தால் முதலில் ஃபின்னைப் பாருங்கள். மாற்று ஃபின், அதன் திருகு, திருப்புளி மூன்றும் படகில் இருக்க வேண்டும். திருகை ஒரு துண்டு டேப்பால் பலகையின் மேலேயும் ஒட்டி வையுங்கள்.

பல கெட்டிப் பலகைகளில் சிறிய காற்றுத் திருகு இருக்கும். விமானத்திலும் வெயிலிலும் வீங்காமல் இருக்க அதைத் திறந்து வைப்பார்கள். நீரில் இறக்கும் முன் மூட மறந்தால் உள்ளே நீர் ஏறும்.

என் கணவர் போகிறேன் என்கிறார். இரவில் நடுக்கடலில் விழுந்தால் என்ன ஆகும்? எனக்குப் பயமாக இருக்கிறது.
*வாசகி, டாம்பா*

உங்கள் பயம் நியாயமானது. ஆனால் விழுவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், எல்லாரும் விழுவார்கள். பலகையைப் பிரிவதுதான் ஆபத்து. 15 கிலோமீட்டர் வேகக் காற்றிலேயே கவிழ்ந்த பலகை ஒருவர் நீந்துவதைவிட வேகமாக ஓடிவிடும். அதனால் காலில் கட்டும் லீஷ் கயிறு எந்த நிமிடமும் கழலக் கூடாது. கணுக்காலில் கட்டுவதைவிட முழங்காலுக்குக் கீழே கட்டினால் காலடி மாற்றும்போது தடுக்காது. ஒட்டுப்பட்டையில் மணல் ஏறியிருந்தால் பிடிக்காது. புறப்படும் முன் நல்ல தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள்.

இடுப்பில் கட்டும், இழுத்தால் ஊதிக்கொள்ளும் மிதவையைத்தான் பெரும்பாலோர் அணிவார்கள். அது வேலை செய்யாமல் போவதற்கு முதல் காரணம் உள்ளே இருக்கும் காற்றுக் குப்பி தளர்ந்திருப்பது. ஒவ்வொரு முறையும் கையால் முறுக்கிப் பார்க்க வேண்டும். பயன்படுத்திய குப்பியில் ஓட்டை விழுந்திருக்கும், அதையே திரும்பவும் மாட்டிக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள். அலை விளையாடும் கரைப்பகுதியைத் தாண்டிவிட்டால் அமெரிக்கக் கடலோரக் காவல்படைக்குத் துடுப்புப் பலகையும் ஒரு படகுதான். மிதவை, விசில், இரவில் விளக்கு ஆகியவை சட்டப்படி வேண்டும்.

விளக்கு வெள்ளையாக நெற்றியில் எரிந்தால் கண் கூசி, அலை தெரியாமல் போகும். முதுகிலும் பலகையின் வாலிலும் ஒளிரும் குச்சிகளைக் கட்டி, கையில் சிவப்பு விளக்கு ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது.

நீங்கள் விசாரிக்க வேண்டியது துணைப்படகைப் பற்றி. துணைப்படகு இல்லாமல் யாரும் போவதில்லை. படகோட்டி இந்த நீரோட்டத்தை முன்பே கடந்தவரா? வி.எச்.எஃப் ரேடியோவில் அவசர அழைப்புக்கான 16-ஆம் சேனல் இரவு முழுக்கத் திறந்திருக்குமா? சரக்குக் கப்பலும் சொகுசுக் கப்பலும் இந்த வழியாகவே போகின்றன. அவற்றைக் காட்டும் ஏ.ஐ.எஸ் கருவி இருக்கிறதா? எரிபொருள் பிமினிக்குப் போவதற்கும், பதினைந்து மணி நேரம் ஊர்ந்து வருவதற்கும், அதற்கு மேல் மூன்றில் ஒரு பங்கு கையிருப்புக்கும் கணக்கிடப்பட்டதா? படகில் குறைந்தது மூன்று பேர் வேண்டும். ஒருவர் ஓட்ட, ஒருவர் பலகைக்காரரை விட்டுக் கண் எடுக்காமல் பார்க்க, ஒருவர் தூங்க. மெதுவாக ஊரும் படகு தொட்டில்போல் ஆடும். பலகையில் நிற்பவருக்கு முன்னால் படகில் இருப்பவர்கள் வாந்தியெடுத்துப் படுத்துவிடுவது வழக்கம். அவர்களுக்கும் மாத்திரை வேண்டும்.

படகு காற்றுக்குக் கீழ்ப்பக்கமாக, அதாவது காற்று போகும் பக்கமாக நிற்கட்டும். மேல்பக்கம் நின்றால் எஞ்சின் புகை முழுவதும் உங்கள் கணவர் மூக்கில்தான்.

பதினைந்து மணி நேரம் என்ன சாப்பிடுவது? கஞ்சி குடிக்கலாமா?
*வாசகர், தஞ்சாவூர்*

தாராளமாகக் குடிக்கலாம். உப்புப் போட்ட நீர்க்கஞ்சி மிகச் சிறந்த உணவு.

மணிக்கு 50 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். பதினைந்து மணி நேரத்துக்கு ஏறக்குறைய 800 கிராம். 100 கிராம் சோற்றில் 28 கிராமும் நடுத்தர வாழைப்பழத்தில் சுமார் 27 கிராமும் கிடைக்கும். ஒரே மூச்சில் சாப்பிட்டால் வயிறு தாங்காது. இருபது நிமிடத்துக்கு ஒரு வாய், படகிலிருந்து ஒருவர் கடிகாரம் பார்த்துக் கூப்பிட வேண்டும். 'பசிக்கவில்லை' என்ற பதிலை அவர் ஏற்கக் கூடாது. பசிக்கும்போது சாப்பிடலாம் என்று விட்டவர்கள் விடியும் நேரத்தில் கை நடுங்கி உட்காருகிறார்கள்.

தண்ணீருக்கு ஆளுக்கு ஆள் கணக்கு வேறு. பயிற்சிக்கு முன்பும் பின்பும் ஈரத் துணியில்லாமல் எடை பாருங்கள். ஒரு மணி நேரத்தில் 800 கிராம் குறைந்திருந்து, இடையில் 200 மில்லி குடித்திருந்தால் உங்கள் வியர்வை ஒரு லிட்டர். அதில் முக்கால் பங்கை ஈடு செய்தால் போதும். வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். தலைவலி, வாந்தி, குழப்பம் என்று தொடங்கி உயிருக்கே ஆபத்தாகும். களைப்பு என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுத்தால் நிலைமை மோசமாகும். மணிக்கு 500 மில்லிகிராம் சோடியம் என்றால் சமையல் உப்பில் ஒன்றேகால் கிராம், கால் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு.

குமட்டல் இருட்டில்தான் அதிகம், அடிவானம் தெரியாததே காரணம். கடல்நோய் மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு, பயிற்சியிலேயே ஒருமுறை போட்டுப் பாருங்கள். சில மாத்திரைகள் தூக்கத்தைக் கொண்டுவரும். குமட்டினால் மண்டியிட்டு, தொலைவில் ஒரு விளக்கையோ நட்சத்திரத்தையோ பாருங்கள். இஞ்சி மிட்டாயும் உதவும். வாந்தி எடுத்த பிறகு பத்து நிமிடம் விட்டு, கஞ்சியைச் சிறு மிடறாகத் தொடங்குங்கள்.

நான் கோவளத்தில் பயிற்சி செய்கிறேன். முட்டுக்காடு காயலில் 20 கிலோமீட்டர் போகிறேன். போதுமா?
*வாசகர், கோவளம்*

காயலில் தூரம் பழகலாம், கடல் பழகாது. ஆறு மாத அவகாசம் வையுங்கள். வாரத்துக்கு நான்கு நாள். இரண்டு நாள் ஒன்றரை மணி நேரம், ஒரு நாள் வேக ஏற்றத்தாழ்வு, ஒரு நாள் நீண்ட பயணம். அந்த நீண்ட பயணத்தை மூன்று மணி நேரத்தில் தொடங்கி, போட்டிக்கு நான்கு வாரம் இருக்கும்போது எட்டு மணி நேரத்துக்குக் கொண்டுவாருங்கள். பதினைந்து மணி நேரப் பயிற்சி யாருக்கும் தேவையில்லை, தோள்தான் கெடும். சனி ஐந்து மணி நேரம், ஞாயிறு நான்கு மணி நேரம் என்று அடுத்தடுத்த நாளில் செய்வது களைத்த உடம்பில் துடுப்புப் போடக் கற்றுத்தரும்.

நிமிடத்துக்கு 40 முதல் 50 வீச்சு. இலையை முன்னால் முழுவதும் அமிழ்த்திய பிறகே இழுக்க வேண்டும். கணுக்கால் வந்ததும் எடுத்துவிடுங்கள், அதற்குப் பின்னால் இழுப்பது பலகையை அமுக்கும், வேறு பயனில்லை. கையால் இழுக்காமல் இடுப்பைத் திருப்பி இழுங்கள். பக்கவாட்டு அலையில் பல மணி நேரம் ஒரே பக்கம் போட நேரும், இரு தோளுக்கும் சமமாகப் பயிற்சி கொடுங்கள்.

உங்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. மார்ச், ஏப்ரலில் நம் கிழக்குக் கரையோரம் நீரோட்டம் வடக்கே ஓடும். துணைப்படகோடு கரைக்கு நேர் எதிரே மூன்று கிலோமீட்டர் உள்ளே போய், எவ்வளவு வடக்கே தள்ளப்பட்டீர்கள் என்று ஜி.பி.எஸ்ஸில் பாருங்கள். திரும்பும்போது புறப்பட்ட இடத்திலேயே கரையேற மூக்கை எவ்வளவு திருப்ப வேண்டும் என்று கணக்கிட்டு வாருங்கள். பிமினிக் கணக்கின் சிறு வடிவம் இதுதான். உள்ளூர் மீனவரைப் படகுக்கு அமர்த்துங்கள், அன்றைய ஓட்டத்தை அவர் நீரைப் பார்த்தே சொல்வார். இரண்டு முறையாவது நள்ளிரவில், அதே படகோடும் அதே விளக்கோடும் பழக வேண்டும்.

உள்ளங்கைக் கொப்புளம், கால் மரத்துப்போவது. வழி?
*வாசகர், தூத்துக்குடி*

துடுப்பை இறுக்கிப் பிடிப்பதுதான் கொப்புளத்துக்குக் காரணம். வீச்சு முடிந்து இலை வெளியே வரும்போது கீழ்க்கை விரல்களை விரியுங்கள். அக்குள், தொடை, லீஷ் கட்டும் இடம் எல்லாவற்றிலும் புறப்படும் முன்பே வாசலின் தடவுங்கள், எரியத் தொடங்கிய பிறகு தடவிப் பயனில்லை. வெயில் பூச்சைப் புறங்கையோடு நிறுத்துங்கள், உள்ளங்கையில் பட்டால் துடுப்பு வழுக்கும். கால் மரத்தால் விரல்களை அசைத்து, அரை அடி முன்னே பின்னே மாறி நின்று, மணிக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் மண்டியிடுங்கள்.

என்னால் போக முடியாது, பணம் அனுப்ப ஆசை. இந்தியாவில் வருமான வரிச் சலுகை கிடைக்குமா?
*வாசகி, கோவை*

கிடைக்காது. நன்கொடைக்கான வரிச் சலுகை இந்தியாவில் அங்கீகாரம் பெற்ற அமைப்புகளுக்குக் கொடுப்பதற்கு மட்டும். ரிசர்வ் வங்கியின் தாராளப் பண அனுப்பும் திட்டத்தின் கீழ் வங்கி வழியாக அனுப்பலாம்.

கலந்துகொள்பவர்களுக்கும் ஒரு சொல். படகு வாடகை, எரிபொருள், விமானச் சீட்டு எல்லாம் உங்கள் செலவு. நண்பர்களிடம் நன்கொடை கேட்கும்போது இரண்டையும் கலக்காதீர்கள். நன்கொடை நேராக அறக்கட்டளையின் பக்கத்துக்குப் போகட்டும், பயணச் செலவுக்கு உதவி வேண்டுமென்றால் அப்படியே வெளிப்படையாகச் சொல்லித் தனியாகக் கேளுங்கள். குழந்தைகளின் மருந்துக்கென்று கொடுத்த பணம் டீசலுக்குப் போனது தெரிந்தால் அடுத்த ஆண்டு யாரும் தரமாட்டார்கள், அது நியாயமும்கூட.

தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு இதேபோல் ஒன்று செய்யலாமே?
*வாசகர், இராமநாதபுரம்*

தூரம் சுமார் 30 கிலோமீட்டர், பலகைக்கு ஐந்தாறு மணி நேர வேலை. 1966-இல் நீச்சல் வீரர் மிகிர் சென் நீந்தியே கடந்த நீர் அது. ஆனால் நடுவில் நாட்டு எல்லை இருக்கிறது. இரு அரசுகளின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் பலகையை இறக்கவே கூடாது. விண்ணப்பத்தைப் பல மாதங்களுக்கு முன்பே தொடங்குங்கள்.

கடைசியில் கரையேறும்போது பலர் விழுகிறார்களாமே, உண்மையா?
*வாசகர், ஆர்லாண்டோ*

உண்மை. பதினைந்து மணி நேரம் ஆடும் பலகையில் நின்ற கால், அசையாத மணலில் நிற்காது. கரையலை மடியும் இடத்துக்கு ஐம்பது மீட்டர் முன்பே மண்டியிடுங்கள். அலைகள் கூட்டமாக வரும், பெரியவை போகும்வரை காத்திருந்து, கடைசி அலையின் முதுகில் உள்ளே வாருங்கள். இடுப்பளவு நீரில், பலகைக்குக் கடல் பக்கமாக இறங்குங்கள். கரைக்கும் பலகைக்கும் நடுவில் நின்றால் அடுத்த அலை 14 அடிப் பலகையை உங்கள் முழங்காலில் மோதும். முழங்காலளவு நீர்வரை மிதக்கவிட்டால் ஃபின் மணலில் குத்தி உடையும், அதற்கு முன்பே பலகையைத் தூக்க ஒருவரைக் கரையில் நிறுத்தி வையுங்கள். லீஷைக் கழற்றுவது மணலில் உட்கார்ந்த பிறகு.